பிடியரிசி இட்ட கையும் திட்டம் வகுத்த கையும்

பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்த தமிழர், சென்றடைந்த ஊரில் முதலில் தேடுவது வாடகைக்கு ஒரு வீடு. அடுத்துத் தேடுவது தம் மொழியில் வழிபட ஓர் இடம். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் நம்மவர் எழுப்பிய முருகன் கோயில்களும் பிள்ளையார் கோயில்களும் இதற்குச் சான்று. ஞாயிறுதோறும் தமிழில் ஆராதனை நடைபெறும் கிறிஸ்தவ ஆலயங்களும் அவ்வாறே. பல ஊர்களில் தமிழ்ச் சபைக்கெனத் தனிக் கட்டடம் இராது. காலையில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ வழிபாடு நடந்து முடிந்த ஆலயத்திலேயே, வேறொரு வேளையில் நம்மவர் கூடுவர். கூடுகிறவர்கள் பாடிப் பிரியும்போது வாசலில் அரை மணி நேரம் ஊர்ப்பேச்சு நடக்கும். அந்த அரை மணி நேரத்திற்காகவே இரண்டு பேருந்து மாறி வருகிறவர்களும் உண்டு.

இவ்வாறு கூடும் சபை தன் மக்களைக் காப்பதில் பெரும்பாலும் குறை வைப்பதில்லை. புதிதாக ஊரிலிருந்து வந்த பையனுக்குத் தங்க இடம், பெண்ணுக்கு வரன், பிரசவத்திற்குத் துணை, இறந்தவரை ஊருக்குக் கொண்டு செல்ல ஏற்பாடு என்று எல்லாவற்றிற்கும் ஆள் வந்து நிற்கும். ஆனால் சபைக்கு வெளியே இருப்பவருக்கு, அதாவது ஆலயம் நிற்கும் தெருவில் வாழ்கிறவருக்கு, சபை செய்யும் தொண்டு ஒன்று உண்டன்றோ? அதனைப் புறத்தொண்டு என்று இங்கே அழைப்போம். நம்மவர் சபைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பணம் இல்லாமையால் அன்று. மனம் இல்லாமையாலும் அன்று. திட்டம் வகுக்கும் முறையில் உள்ள குறையே காரணம் என்பது எமது கருத்து.

வழக்கமாக நடப்பதைப் பார்ப்போம். செயற்குழுவினர் ஐந்தாறு பேர் ஓர் இரவு கூடுவர். குருவானவர் தலைமை வகிப்பார். சென்ற ஆண்டு கிறிஸ்துமஸுக்குப் போர்வை கொடுத்தோம், இவ்வாண்டும் போர்வையே கொடுக்கலாம் என்று ஒருவர் சொல்வார், மற்றவர் தலையசைப்பர். அடுத்த ஞாயிறு, அறிவிப்புகளின் முடிவில், குடும்பத்திற்கு இன்ன தொகை என்று வாசிக்கப்படும். சபையார் கொடுப்பர், கொடுக்காதவரும் கொடுத்தவரைப்போல் முகம் வைத்துக் கொள்வர். குறித்த நாளில் வேன் ஒன்று புறப்படும். அதில் அந்த ஐந்தாறு பேரே இருப்பர். போர்வை பெற்றவர் பெயரை அவர் கேட்டறியார். கொடுத்தவர் முகத்தை இவர் மறுபடி காணார். மறு ஆண்டு யாரேனும் இருவர் குழுவினின்று விலகினால், அத்தொண்டும் அவர்களோடு விலகிவிடும்.

இதற்கு மாறான வழியைக் கற்க நாம் வெளிநாட்டு நூல்களைத் தேட வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையின் வரலாறே போதிய பாடமாகும். அவ்வரலாறு தாய்மொழி பேசாத நாட்டில் வாழும் நம் குடும்பங்களுக்குத் தனிச் சிறப்புடையது. ஏனெனில் அது தமிழர் வேற்று மொழி நாட்டிற்குக் கூலிக்காகவும் குமாஸ்தா வேலைக்காகவும் அன்றித் தொண்டிற்காகச் சென்ற வரலாறு.

ஜெர்மானியராகிய ரேனியுஸ் ஐயர் 1820-ஆம் ஆண்டு பாளையங்கோட்டைக்கு வந்தார். பத்தாண்டுகள் கழித்து, 1830-இல், தரும சங்கம் என்ற ஒன்றை நிறுவினார். புதிதாகச் சபையில் சேர்ந்து, அதன் காரணமாக நிலத்தையும் வீட்டையும் இழந்து நின்றவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்துக் குடியமர்த்துவதும், ஆலயமும் பள்ளியும் எழ இடம் தேடுவதும் அச்சங்கத்தின் வேலை. அந்நாளிலேயே உள்ளூர்ச் சபையார் சிறு தொகை போட்டுப் பொதுக் காரியம் நடத்தும் பழக்கம் வேர் கொண்டது. பின்னர் இங்கிலாந்துத் திருச்சபைச் சங்கத்தின் செயலராக 1841 முதல் 1872 வரை இருந்த ஹென்றி வென் என்பார், ஒரு நாட்டுச் சபை தன்னைத் தானே தாங்கவும் தானே ஆளவும் தானே பரப்பவும் வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தினார். இலண்டனிலிருந்து எழுதப்பட்ட அக்கொள்கைக்குத் தென்பாண்டி நாட்டில் உயிர் கொடுத்தவை சபை மன்றங்களும், சங்கக் காணிக்கையும், யாவற்றிற்கும் மேலாகப் பிடியரிசியும் ஆகும்.

பிடியரிசி இன்னதென்று நம் பாட்டிமாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேரப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். உலை வைக்கும்போது வீட்டுப் பெண் அரிசியை அளப்பாள். அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு கலயத்தில் போடுவாள். அதன் பின்னரே மீதி அரிசி உலைக்குப் போகும். வாரம் முடிந்ததும் அக்கலயம் ஆலயத்திற்கு வரும். சேர்ந்த அரிசி விற்கப்பட்டுத் தொண்டிற்கு முதலாகும். இதன் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பணம் என்றால் கணவனைக் கேட்க வேண்டும்; அரிசிப் பானை அவள் ஆட்சிக்குட்பட்டது. கையில் ஒரு காசும் இல்லாத பனையேறி வீட்டுப் பெண்ணும் கொடுப்போர் வரிசையில் நிற்க முடிந்தது. நாள்தோறும் இருவேளை, 'இது யாருக்காக?' என்ற வினா அடுப்படியில் எழுந்தது. குழந்தைகள் கேட்டன, தாய் விடை சொன்னாள். விடை சொல்ல அவளுக்குச் செய்தி வேண்டியிருந்தது. எனவே, எங்கே யார் என்ன செய்கிறார் என்பதைச் சபை அவளுக்குச் சொல்லியாக வேண்டியதாயிற்று. அரிசி ஒரு பக்கம் போனால் செய்தி மறு பக்கம் வந்தது.

இது கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகளும் பிடியரிசித் திட்டத்தை இல்லங்கள்தோறும் பரப்பினார் என்பதை அன்பர் பலர் அறிவர். வடகிழக்கே மிசோரம் மலைநாட்டுச் சபைகளில் இன்றளவும் பெண்கள் இவ்வாறே பிடியரிசி எடுத்து வைத்துத் தம் சபைப் பணிகளைத் தாங்கி வருகின்றனர். தமிழ்ப் பாட்டியும் மிசோப் பாட்டியும் ஒருவரையொருவர் கண்டதில்லை, கலயம் ஒன்றுதான்.

இனி, 1902-ஆம் ஆண்டிற்கு வருவோம். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-இல் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவர் அப்போது வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலர்களுள் ஒருவர். அவ்வாண்டு அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்தில் கடல் கடந்து ஊழியரை அனுப்பித் தொண்டு நடத்துவதைக் கண்டார். எண்ணிக்கையில் அவர்களினும் பன்மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபை, தன் எல்லைக்கு அப்பால் எதையும் செய்யவில்லையே என்று அவர் நெஞ்சு சுட்டது. திரும்பி வந்து தம் நண்பர்களோடு கூடிப் பேசினார். 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. வெளிநாட்டுப் பணம் வேண்டா. வெளிநாட்டுத் தலைமையும் வேண்டா. ஊழியர், பணம், நிர்வாகம் மூன்றும் நம்மவருடையதாக இருத்தல் வேண்டும் என்பது கொள்கை.

எங்கே செல்வது என்பதை அவர்கள் தீர்மானித்த முறை சுவையானது. பக்கத்துத் தமிழ்ச் சிற்றூர் ஒன்றைத் தேர்ந்திருந்தால் எவரும் குறை சொல்லியிரார். ஆனால் வேறு எவரும் தொண்டு செய்யாத இடம் எது என்று தேடி, நிஜாம் ஆட்சியில் இருந்த தெலுங்கு நாட்டு மானுக்கோட்டை வட்டாரத்தைத் தெரிந்தனர். 1904-இல் சாமுவேல் பாக்கியநாதன் என்பார் முதல் ஊழியராக அங்கே சென்றார். தோர்ணக்கல் அப்பணியின் நடுவிடமாயிற்று. தில்லியிலிருந்து சென்னை செல்லும் இரயிலில், வாரங்கல்லுக்கும் விஜயவாடாவுக்கும் இடையே தோர்ணக்கல் சந்திப்பைக் கடந்துதான் நம் குடும்பங்கள் கோடை விடுமுறைக்குச் செல்கின்றன. அடுத்த முறை செல்லும்போது சன்னல் வழியே பாருங்கள். அந்த ஊரில் நடந்த பணிக்கு ஒரு நூற்றாண்டிற்கு முன் அரிசி போட்டவை நாங்குநேரிப் பக்கத்துக் கலயங்களாகவும் நாசரேத்துப் பக்கத்துக் கலயங்களாகவும் இருந்திருக்கலாம்.

இச்சங்கத்தின் வலிமை அதன் கிளைகளில் இருந்தது. ஊழியர் எழுதும் செய்தி ஊர் ஊராகப் படிக்கப்பட்டது. தெலுங்கு தெரியாத ஊரார் தெலுங்கு நாட்டு ஊர்ப் பெயர்களைச் சொல்லி வேண்டுதல் செய்யப் பழகினர். தாம் கொடுத்த பணம் போதவில்லை என்றால் அது அவர்களுக்கே தெரிந்தது. பெருகினால் அதன் மகிழ்ச்சியும் அவர்களுடையதாயிற்று. சென்னையிலோ இலண்டனிலோ இருந்து ஒருவர் வந்து பற்றாக்குறையை நிரப்புவார் என்ற எதிர்பார்ப்பிற்கு இடமே இல்லாமற் போனது, எம் கருத்தில், அச்சங்கத்திற்குக் கிடைத்த பெரும் பேறு. இரண்டாண்டுகளுக்குப் பின், 1905 டிசம்பர் 25-இல், வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் இதே கொள்கையோடு இந்தியா முழுவதற்குமாக நிறுவப்பட்டது. அதன் முதல் பொதுச் செயலர் அசரியாவே. கூட்டம் நடந்தது வில்லியம் கேரியின் நூலக அறையில்.

பிறரை அனுப்பிக்கொண்டிருந்த அசரியா 1909-இல் தாமே தோர்ணக்கல் சென்றார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு எழுத்துக் கற்றார். கூடாரத்தில் குடியிருந்தார். மறு ஆண்டு, 1910-இல், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் கூடிய உலக மாநாட்டில் அவர் பேசிய பேச்சு இன்றும் நினைக்கப்படுகிறது. மேலைநாட்டார் இந்தியருக்காகப் பொருளும் உடலும் கொடுத்தனர்; அதற்கு நன்றி; ஆயினும் எங்களுக்கு வேண்டுவது நட்பு என்பது அப்பேச்சின் சாரம். அவையில் இருந்த வெள்ளைக்காரர் பலருக்கு அது கசந்தது. இப்பேச்சு நம் காரியத்திற்கு மிகவும் பொருந்தும். வேன் ஏறிச் சென்று போர்வை கொடுக்கும் நம் செயற்குழுவினரை நோக்கி அதே சொல்லை நடைபாதையில் படுத்திருப்பவரும் சொல்லக் கூடும். சபையின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரும் தம் செயற்குழுவைப் பார்த்துச் சொல்லக் கூடும்.

1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாத் தூய பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதன்முறை. தோர்ணக்கல் மாவட்டம் தொடக்கத்தில் மிகச் சிறியது. பின்னர் கிருஷ்ணா, கோதாவரிப் பகுதிச் சபைகளும் இணைக்கப்பட்டன. 1945 ஜனவரி முதல் நாள் அவர் மறைந்தபோது சபையார் தொகை இரண்டு லட்சத்தைக் கடந்திருந்தது. பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட சாதியினர். எழுத்தறியாத விவசாயக் கூலிகள். அவர்களை வைத்துக்கொண்டு என்ன திட்டம் வகுப்பது என்று வேறொருவர் கைவிரித்திருப்பார். அசரியாவோ, திருமுழுக்குப் பெறுகிறவர் ஒவ்வொருவரும் தம் தலைமேல் தாமே கை வைத்து, நற்செய்தியைச் சொல்லாதிருந்தால் எனக்கு ஐயோ என்ற பவுலடியாரின் வாக்கைச் சொல்லும்படி செய்தார். தொண்டு குருவுக்கு மட்டும் உரிய தொழில் என்ற எண்ணம் முதல் நாளே ஒழிந்தது. ஆண்டுதோறும் சாட்சி வாரம் என்று ஒரு வாரம் குறிக்கப்படும். அவ்வாரத்தில் ஆண்களும் பெண்களும் குழுக்களாகப் பிரிந்து அக்கம் பக்கத்து ஊர்களுக்குப் பாட்டுப் பாடிச் செல்வர்.

அசரியாவின் பணியை அனைவரும் ஏற்றனர் என்று சொல்வது உண்மைக்கு மாறாகும். ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டங் கூட்டமாகக் கிறிஸ்தவத்தில் சேர்வதைக் காந்தியடிகள் 1936, 1937 ஆண்டுகளில் வன்மையாகக் கண்டித்தார். அசரியா மறுத்து வாதாடினார். இருவரும் தேசப்பற்றில் குறைந்தவர் அல்லர். கிறிஸ்தவர்க்குத் தனித் தொகுதி வேண்டா என்று நின்றவர் அசரியா. அவ்வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் அதன் எதிரொலி இன்றும் நம் தெருக்களில் உண்டு. பல மாநிலங்களில் மதமாற்றம் பற்றிய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. வேற்று மாநிலத்தில் வாழும் ஒரு தமிழ்ச் சபை தொண்டு செய்யப் புறப்படும்போது, 'இவர்கள் எதற்கு வருகிறார்கள்?' என்ற ஐயத்தோடு கதவு திறக்கப்படுவது இயல்பு. ஒரு கையில் சோறும் மறு கையில் துண்டறிக்கையும் ஏந்திச் செல்வது தொண்டையும் கெடுக்கும், சமயத்தையும் கெடுக்கும் என்பது எமது உறுதியான எண்ணம். அத்தெருவில் பத்தாண்டு வாழ்ந்த சபை உறுப்பினர் ஒருவர் திட்டம் வகுக்கும்போது உடனிருந்தால், இவ்வையம் எங்கே எழும், எங்கே எழாது என்பதை அவர் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார். வேறு பேட்டையிலிருந்து வரும் செயலர் அதனை அறியார்.

நகரத்திற்கு நகரத்து எடுத்துக்காட்டு வேண்டும் என்பார்க்கு மும்பை நாகபாடா இருக்கிறது. அமெரிக்க மராத்தி மிஷனைச் சேர்ந்த கிளிஃபர்டு மான்ஷார்ட் என்பார் 1920-களில் அங்கே அண்டையர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். முஸ்லிம்களும் யூதர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் நெருங்கி வாழ்ந்த பேட்டை அது. எல்லார்க்கும் கதவு திறந்த அவ்வில்லத்தில், படிப்பும் விளையாட்டும் மருத்துவமும் அப்பேட்டையின் தேவையைப் பார்த்து அமைந்தன. அத்தொண்டிலிருந்தே, தொண்டு செய்யவும் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் முளைத்து, 1936-இல் டாட்டா அறநிலையத்தின் உதவியால் சமூகத் தொண்டுப் பள்ளி ஒன்று எழுந்தது. இன்று டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று தேவனாரில் விளங்குவது அதுவே. நம் பிள்ளைகள் சிலர் அங்குப் படிக்க இடம் கிடைக்காதா என்று ஏங்குகின்றனர். ஒரு பேட்டைத் தொண்டிலிருந்து முளைத்தது அது என்பதை அறியார்.

மேலைப் புலவர் ஒருபுறம் இருக்க, சேலத்தில் பிறந்த நம் கே. டி. பால் அவர்களையும் நினைக்க வேண்டும். தேசிய மிஷனெரி சங்கத்தில் அசரியாவுக்குப் பின் பணியாற்றி, 1916-இல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலரானவர். கிராமத்தான் கடனில் மூழ்கியிருக்கையில் அவனுக்குப் போதனை மட்டும் செய்வதில் பயனில்லை என்று கண்டு கூட்டுறவுக் கடனையும் கிராமப் புனரமைப்பையும் தூக்கி நிறுத்தினார். அவ்வழியில் 1920-களில் மார்த்தாண்டத்தில் தோன்றிய பணியிடம் தேனீ வளர்ப்பிற்குப் பெயர் பெற்றது. முயற்சி ஊராருடையது, அறிந்தவர் அருகிருந்து ஆலோசனை சொல்வது மட்டுமே என்பது அங்கே கையாளப்பட்ட முறை.

இவற்றை யெல்லாம் இன்றைய நம் நகரச் சபைக்கு எவ்வாறு பொருத்துவது? கோதுமை மாவு வாங்கும் ஊரில் பிடியரிசிக்கு எங்கே போவது என்று அன்பர் ஒருவர் நகைக்கக் கூடும். அரிசி முக்கியமன்று. கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் 'இது யாருக்காக' என்று கேட்கும் உரிமையும், விடையை ஆக்குவதில் பங்கும் இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

செயற்குழுவில் இடம் பெறாதவர் யார் என்று எண்ணிப் பார்த்தால் வழி தானே தெரியும். பெண்கள் பெரும்பாலும் சமையற் பொறுப்போடு நிறுத்தப்படுகின்றனர். மருத்துவமனைகளில் செவிலியராகப் பணிபுரியும் பெண்கள் இரவுப் பணி முடித்து ஞாயிறு காலையில் உறங்குவர்; அவர்கள் கருத்தை எவரும் கேட்பதில்லை. நகரத்தின் எந்த மூலையில் எந்த நோய் அடர்ந்திருக்கிறது என்பதை அறிந்தவரோ அவர்களே. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் பத்துக் குடும்பங்களின் அந்தரங்கத் துயரை அறிந்தவர்கள். ஓட்டுநராக இருப்பவர் எந்தப் பாலத்தின் அடியில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதைக் கண்ணால் காண்கிறவர். இவர்கள் செயற்குழுக் கூட்டத்திற்கு அழைக்கப்பட்டாலும் வாய் திறவார். ஆங்கிலம் கலந்த நடவடிக்கைக் குறிப்பும் நாற்காலி வரிசையும் அவர்களை மௌனமாக்கிவிடும். ஆதலால் பேச்சு அவர்கள் இருக்கும் இடத்திற்குச் செல்ல வேண்டும். பேட்டைதோறும் நடக்கும் வீட்டு ஜெபக் கூட்டங்களின் முடிவில், தேநீர் வரும் வேளையில், ஒரே வினாவை மட்டும் கேட்டுவிட்டுக் குருவானவர் பேசாமல் இருக்கட்டும்: 'உங்கள் தெருவில் யார் துன்பப்படுகிறார்?' பேசாமல் இருத்தல் குருமாருக்கு எளிதன்று. ஆயினும் முயன்று பார்க்கலாம்.

வாலிபரைத் தனியே சொல்ல வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வேதாகமம் வாசிக்க நாக்குத் தடுமாறுகிறது என்று பெற்றோர் வருந்துகின்றனர். வருத்தம் நியாயமானதே. ஆனால் அதே பிள்ளை மராத்தியும் இந்தியும் கன்னடமும் அந்த மண்ணின் மக்களைப் போலவே பேசுகிறான். அசரியா முப்பத்தைந்து வயதில் எழுத்துக் கூட்டிக் கற்ற வேற்று மொழியை இவன் தெருவில் விளையாடியே பெற்றுவிட்டான். ஆராதனையில் பின் வரிசைக்குத் தள்ளப்பட்ட அவனே புறத்தொண்டில் முன் வரிசைக்கு உரியவன். அவனிடம் நாற்காலி அடுக்கும் வேலையை மட்டும் கொடுத்துவிட்டு, வாலிபர் சபைக்கு வருவதில்லையே என்று மாநாடு கூட்டுவது வேடிக்கை.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, வேலையும் கூலியும் இழந்த தொழிலாளர் ஆயிரக்கணக்கில் சாலைகளில் நடந்ததை நாம் கண்டோம். கோயில், குருத்வாரா, பள்ளிவாசல், தேவாலயம் என்ற வேற்றுமையின்றிப் பல இடங்களில் அடுப்பு மூண்டது. அந்நாட்களில் பயன்பட்டது வங்கிக் கணக்கில் இருந்த தொகையினும், எந்தச் சந்தில் எந்தக் குடும்பம் பூட்டிய கதவிற்குப் பின்னால் பட்டினி கிடக்கிறது என்ற அறிவே. அவ்வறிவு ஒரே நாளில் வருவதன்று.

பேட்டைகளிலிருந்து வரும் செய்திகளைத் தொகுத்தால் இருபது தேவைகள் தெரியவரும். இருபதையும் எடுத்துக்கொள்வது பேராசை. ஒன்றை எடுத்துக்கொள்க. எதை என்பதைச் சபை முழுவதும் கூடித் தீர்மானிக்கட்டும். அக்கூட்டத்தில் சச்சரவு எழும், எழட்டும். மாலைப் பாடசாலையா, முதியோர்க்கு மருந்தா என்று இரண்டு மணி நேரம் வழக்காடிய சபை, தீர்மானித்த பின் அதனைத் தன் பிள்ளையாகக் கருதும். ஒரே மனதாக ஐந்து நிமிடத்தில் நிறைவேறும் தீர்மானங்களைத்தாம் எமக்கு நம்பிக்கையில்லை. தீர்மானிக்கு முன், உதவி பெறப் போகிறவர்களிடமும் ஒரு முறை சென்று கேட்பது நன்று. நாம் போர்வை என்று நினைத்திருக்க, அவர்களுக்கு வேண்டியது பங்கீட்டு அட்டைக்கு விண்ணப்பம் எழுதித் தரும் ஓர் ஆளாக இருக்கலாம். அதற்குப் பணமே தேவையில்லை. ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவரும் ஒரு மேசையும் போதும். அத்தகையவர் நம் சபைகளில் நிரம்ப உளர். வேலையின்றி வீட்டாரை அதட்டிக்கொண்டிருக்கின்றனர்.

குருவானவருக்கு இதில் இடமில்லையோ என்று அஞ்ச வேண்டா. மாற்றலாகிச் செல்பவர் அவர், தங்கியிருப்பவர் சபையார். அவர் போன பின்னும் நடக்கக் கூடியதா என்ற சோதனையை அவரே முன்னின்று செய்தால் அதனினும் பெரிய உதவி வேறில்லை. திருநெல்வேலிச் சங்கத்தை நிறுவியவர் மறைந்து எண்பது ஆண்டுகள் கடந்த பின்னும், அச்சங்கம் பாளையங்கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்டு பல மாநிலங்களில் பணி நடத்தி வருகிறது.

சங்க நண்பர்களுள் கிறிஸ்தவர் அல்லாதாரும் இதுவரை படித்திருப்பீராயின், சபை என்று வந்த இடங்களில் கோயில் குழு என்றோ தமிழ்ச் சங்கம் என்றோ மாற்றிப் படித்துக்கொள்ளலாம். பொருள் அதிகம் கெடாது.

ஒன்று விடுபட்டது: கணக்கு. பிடியரிசிக் கலயத்திற்கு எதிர்ச்செய்தி வந்தது போல, கொடுத்தவர்க்குக் கணக்கு வர வேண்டும். ஆண்டு முடிவில் அச்சடித்த அறிக்கையாக அன்று. மூன்று மாதத்திற்கு ஒரு முறை, ஆராதனை முடிந்த பின், வரவும் செலவும் நடந்ததும் நடவாததும் வாய்விட்டுப் படிக்கப்பட வேண்டும். எவ்வேலை பயன்படவில்லையோ அதனை அன்றே நிறுத்திவிடவும் சபைக்கு உரிமை வேண்டும். அந்நாளில் அத்தெருவாரையும் அழைப்பது நலம். அவ்வாறாயின் கணக்கைத் தமிழில் ஒரு முறையும் அவ்வூர் மொழியில் ஒரு முறையும் படிக்க நேரும். இரண்டாம் முறை படிக்கும் பொறுப்பைப் பின் வரிசை வாலிபனிடம் கொடுத்துவிடலாம்.